செந்தாமரை கார்டில் விழாத துளைகள்

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னால் ஜவுளிக்கார நூஹு ராவுத்தர் வீடு எதுவென்று கேட்டால் அந்த நாட்களில் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். ஆனால் போய்க் கதவைத் தட்டினால் மாதத்தில் பாதி நாள் ராவுத்தர் இருக்க மாட்டார். அவருடைய மனைவி சபியாதான் கதவை ஒருச்சாய்த்துத் திறந்து, "மலைக்குப் போயிருக்காருங்க" என்று சொல்லி அனுப்புவாள்.

மலை என்றால் மூணாறு. தேயிலை எஸ்டேட்டுகளில் சம்பளம் போடும் சமயம் பார்த்து நூஹு சேலை, ரவிக்கைத் துணி, கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கொழிஞ்சாம்பாறையில் ஏறினால் பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை. அங்கே வேறு வண்டி மாறி, சின்னார் செக்போஸ்ட் தாண்டி, மறையூர் தாண்டி, மூணாறு. அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, மூட்டை மெலிந்த பிறகுதான் திரும்புவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சபியா இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு, வரிசை மாறாமல் சொல்லக் கற்றிருந்தாள். அவள் கண்ணால் பார்த்த கடைசி ஊர் பொள்ளாச்சி.

மகள் ஷரீஃபா குழந்தையாக இருந்தபோது டைபாயிடு காய்ச்சலில் கிடந்தாள். டாக்டர் கையை விரித்த சாயங்காலம் சபியா நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் நேரில் வந்து வெள்ளித் தகடு செலுத்துகிறேன் என்று நேர்ச்சை. பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது, பாலக்காட்டில் வாழ்க்கைப்பட்டும் போய்விட்டது. நேர்ச்சை மட்டும் அப்படியே நின்றது. ஒரு வருஷம் ஓடு மாற்ற வேண்டியிருந்தது, ஒரு வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது, அப்புறம் கல்யாணம். நாகூர் என்ற பேச்சு வரும்போதெல்லாம் சபியாவுக்கு, வாக்குக் கொடுத்த வீட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பது போல இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பொள்ளாச்சி ரோட்டில் பஸ்காரர்களுக்குள் கடும் போட்டி. ஒரு முதலாளி சீட்டுக்கு மெத்தை போட்டார். இன்னொருவர் வண்டிக்குள் ரேடியோ வைத்தார். செந்தாமரை மோட்டார் சர்வீஸ்காரர்கள் 'யாத்திரை கார்டு' கொண்டுவந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ரோஸ் நிற அட்டை, நடுவில் தாமரைப் பூ, சுற்றிலும் கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு பயணத்துக்கும் கண்டக்டர் ஒரு கட்டத்தில் துளை போட்டுக் கொடுப்பார். எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டால் மாசியில் புறப்படுகிற யாத்திரை வண்டியில் இரண்டு பேருக்கு இலவசச் சீட்டு. மதுரை, ராமேஸ்வரம், நாகூர், வேளாங்கண்ணி, தஞ்சாவூர் என்று எல்லா ஜனத்துக்கும் ஏற்ற மாதிரி ஒரு சுற்று.

செந்தாமரை வண்டி உடுமலைப்பேட்டையோடு நின்றுவிடும். அங்கிருந்து மூணாறுக்குப் போகிற மலையரசி வண்டி அவர்களுடைய சம்பந்தி வீட்டு வண்டி. அதனால் அட்டையின் மேல்பாதிக் கட்டங்கள் செந்தாமரைக்கு, கீழ்பாதி மலையரசிக்கு. இரண்டும் நிறைந்தால்தான் சீட்டு.

நூஹு அட்டையை வாங்கிவந்த அன்று, "பாரு சபியா, வியாபாரத்துக்குப் போற போக்குலயே நாகூரு வந்துரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் மலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "நெறைஞ்சுதுங்களா?" என்பதுதான். "ஆகும், ஆகும்" என்பார் அவர். அட்டை எப்போதும் அவருடைய உள்சட்டைப் பையிலேயே இருந்தது.

எழுபத்து நாலு மார்கழியில் ஒரு நாள், துவைப்பதற்காகச் சட்டையை உதறினாள். அட்டை கீழே விழுந்தது. எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மேல்பாதி முழுக்க ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்தது. கீழ்பாதியில் பாதிக்கு மேல் மூடியே கிடந்தது.

"இதென்னங்க, சல்லடைக்குக் கண்ணுப் போட்டவன் நடுவுல எந்திரிச்சுப் போயிட்டானா?" என்றாள்.

நூஹு அட்டையை வாங்கிக்கொண்டார். "அந்த வண்டிக் கண்டக்டரு அடிக்கலை."

"நீங்க நீட்டுனீங்களா?"

அவர் கை கால் கழுவி ஒளு எடுக்கப் போனார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

சபியா விடவில்லை. போன பயணம் போனதுதானே, போனதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாதே, அடிக்காமல் விட்டதைக் கேட்டு வாங்கினால் என்ன என்று இரண்டு நாள் சோறு போடும்போதும் எடுக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நூஹு வேண்டா வெறுப்பாகப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார். கூடவே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

செந்தாமரை ஆபீசில் மேனேஜர் சுப்பராமன் இருந்தார். கல்பாத்திக்காரர், நெற்றியில் சந்தனக் கீற்று, பேச்சில் அவசரமே கிடையாது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல்பாதி நெறைஞ்சாச்சு, அதிலே தர்க்கமே இல்லை. கீழ்பாதி எங்க வண்டி இல்லையாக்கும். மலையரசிக்காராதான் அடிச்சிருக்கணும். அவா அடிக்காததை நான் எப்படி அடிக்கிறது?"

சபியா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "வெளியில போர்டுல ரெண்டு வண்டியும் ஒண்ணுன்னு எழுதியிருக்குதாமே சாமி. எங்க தெருவுல பார்த்துப் படிச்சவங்க சொன்னாங்க" என்றாள்.

"எழுதியிருக்கு. இல்லேன்னு சொல்லலை. டிக்கெட்டாவது வச்சிருக்கேளா?"

மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு பழைய டிக்கெட்டை யார் பூட்டி வைப்பார்கள்? நூஹு கையை விரித்தார். எதற்கும் உடுமலைப்பேட்டையில் மலையரசி ஏஜெண்டைப் பாருங்கள் என்று சுப்பராமன் அனுப்பினார். அங்கே போனார்கள். ஏஜெண்ட் அட்டையைக் கையால் தொடவே இல்லை. "இது செந்தாமரைக்காரங்க அச்சடிச்சதுங்க. எங்களைக் கேட்டா? அவங்ககிட்டயே போய்க் கேளுங்க" என்றார். மறுபடி பொள்ளாச்சிக்கு வந்தார்கள்.

சுப்பராமன் அவர்களைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் வெயிலில் நின்ற அந்த அம்மாளை இன்னொரு தரம் அலைக்கழிக்க அவருக்கு மனசில்லை.

"ஒண்ணு பண்ணலாம். அந்த வண்டிக் கண்டக்டர் இங்கே வரட்டும். 'இவரை எனக்குத் தெரியும், எங்க வண்டியிலே மாசாமாசம் வந்துண்டிருந்தார்'னு என் மூஞ்சிக்கு நேரே சொல்லட்டும். எனக்கு அது போதும். நானே அடிச்சுத் தரேன். ஆனா தை முடியறதுக்குள்ளே ஆகணும், கேட்டேளா? அப்புறம் சீட்டெல்லாம் போயிடும்."

சபியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நூஹுவின் முகம் இறுகிப்போயிருந்தது.

ஊருக்குத் திரும்பும் வண்டியில்தான் அவர் வாயைத் திறந்தார்.

மலையரசியின் கண்டக்டர் சவரிமுத்து. மூணாறு எஸ்டேட் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன். நூஹு அவன் வண்டியில் வருஷக்கணக்காகப் போய் வந்தவர். ஷரீஃபாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை கூட வைத்திருந்தார். போன ஆடியில் நல்ல மழை. வண்டி சின்னார் செக்போஸ்டில் நின்றது. மறையூர்ப் பக்கத்தில் சந்தனக் கட்டைத் திருட்டு நடக்கும் காலம், அதனால் மேலே ஏறும் வண்டி, கீழே இறங்கும் வண்டி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். நூஹு ஒதுங்குவதற்காக ஆற்றுப் பக்கம் போயிருந்தார். திரும்பி வரும்போது காவலர் வண்டியின் கூரையைக் காட்டிக் கேட்டார், இது யார் மூட்டை என்று. சவரிமுத்து சொன்னான், "எனக்குத் தெரியாது சார்."

"என் காதால கேட்டேன் சபியா. ஓடி வர்றதுக்குள்ள மூட்டையை இறக்கிக் கயித்தை அறுத்துட்டாங்க. ஓணத்துக்குன்னு வாங்குன வெள்ளைச் சேலை மொத்தமும் சேத்துல. அவங்க மேல எனக்குக் கோவமில்லை, அவங்க வேலை அது. எம் பேரு தெரியும், எம் பொண்ணு பேரு தெரியும், எங்க ஊட்டுச் சமாச்சாரமெல்லாம் தெரியும். தெரியாதுன்னுட்டான்."

அன்றிலிருந்து அவர் சவரிமுத்துவோடு பேசுவதில்லை. டிக்கெட்டுக்குப் பக்கத்து ஆள் கையில் காசைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சின்னாரில் தானே இறங்கி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பார்.

"அவங்கிட்டப் போய் அந்த அட்டையை நீட்டச் சொல்றியா? அதுக்கு நாகூரே வேண்டாம்னு இருந்துட்டேன்."

வண்டி கோபாலபுரம் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்த பிறகு சபியா மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்கு வேண்டாம்னா சாரமில்லைங்க, போகட்டும். நேர்ச்சை என்னுது. அடுத்த வாட்டி நானும் வர்றேன்."

"மலைக்கா?"

"அந்தக் கண்டக்டரு எங்கிருக்காரோ அங்க."

பொங்கலுக்கு முந்திய சம்பள நாளுக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். மூட்டை இந்தத் தடவை பெரியது. உடுமலைப்பேட்டையில் மலையரசி வண்டி ஏறியதும் சபியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சமவெளியின் சோளக் காடும் கிணறும் பின்னால் போக, அமராவதி தாண்டியதும் மலை கிட்டே வந்தது. காடு தொடங்கியது. இதுவரைக்கும் சொல்லாக மட்டும் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடைகளும் ஆட்களுமாக எதிரே வருவதை அவள் துப்பட்டி காற்றில் நழுவுவது கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒல்லியாக, காக்கிச் சட்டைக்கு மேல் மப்ளர் சுற்றிய ஒருவன் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தான். நூஹு அவசரமாக அவள் கையில் காசைத் திணித்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்க்கத் தொடங்கினார். சபியா காசை நீட்டினாள்.

"மூணாறு ரெண்டு. இவரு எங்க ஊட்டுக்காரருங்க."

"தெரியும் அக்கா" என்றான் சவரிமுத்து, பட்டென்று.

"இப்பத் தெரியுதாக்கும்" என்றார் நூஹு, யாரையும் பார்க்காமல்.

சவரிமுத்துவின் கை டிக்கெட் கட்டின் மேல் ஒரு கணம் நின்றது. கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான்.

சின்னாரில் நூஹு வழக்கம்போல் முதல் ஆளாக இறங்கி, மூட்டை இருந்த பக்கம் போய் நின்றார். காவலர் ஏறிக் கம்பால் குத்திப் பார்த்துவிட்டு இறங்கினார். சபியா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் சவரிமுத்துவும் இறங்கி நின்றிருந்தான். நூஹு பார்க்காத பக்கம். காவலர் நகர்ந்த பிறகுதான் அவன் விசில் ஊதினான்.

மறையூரில் டீக்கு நிறுத்தினார்கள். நூஹு முகம் கழுவப் போன நேரம் பார்த்து சபியா இறங்கி, டீக்கடைக்கு வெளியே நின்ற சவரிமுத்துவிடம் நேராகப் போனாள். வெளி ஆண்பிள்ளையிடம் இப்படி வலியப் போய்ப் பேசியது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"தம்பி, எங்க ஊட்டுக்காரரைத் தெரியும்னு எங்கிட்டச் சொன்னீங்க. அன்னைக்கு ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?"

சவரிமுத்து டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கு முந்தின வாரம் அக்கா, சீட்டுக்கடியில ஒரு சாக்கு கெடந்துச்சு. யாருதுன்னு கேட்டாக. தெரிஞ்ச ஆளுதான், அடிக்கடி வாரவரு, அவரு சாக்குதான்னு வெள்ளையாச் சொல்லிட்டேன். தொறந்தா உள்ள சந்தனக் கட்டை. அந்த ஆளு காட்டுக்குள்ள எறங்கி ஓடிட்டான். உனக்குத் தெரிஞ்ச ஆளுதானலேன்னு என்னையக் கொண்டுபோயி ரெண்டு நா உக்கார வச்சுட்டாக. எம் பொஞ்சாதி அப்ப நெறமாசம். பிள்ளை பெறந்தப்ப நான் அங்க இல்ல."

அவன் டீயைக் குடிக்காமலே தொடர்ந்தான்.

"அதுக்குப் பொறவு யாரு மூட்டைன்னு ஒருத்தர் கேட்டாலே, தெரியாதுன்னு வாயில தானா வந்துருது. சொன்ன பொறவுதான் அண்ணாச்சி மூட்டையின்னு ஓர்மை வந்துச்சு. திரும்பிப் பாத்தா அவுக நிக்காக, மழையில நனைஞ்சுக்கிட்டு."

"பொறகாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்ல? காசைக்கூட அடுத்தவன் கையில குடுத்து விடுதாக. வயசுல மூத்தவக முகத்தைத் திருப்பிக்கிட்டா நான் எந்த மூஞ்சியோட போயி நிக்க?"

சபியா யாத்திரை கார்டைப் பற்றிச் சொன்னாள். கார்டா, தெரியுமே, முதலில் அடித்ததெல்லாம் நான்தானே என்றான். அவர்களாக நீட்டவில்லை, பிடுங்கியா அடிப்பது என்றான். பிறகு சட்டென்று தோள்பையிலிருந்து துளைபோடும் கருவியை எடுத்தான்.

"குடுங்க அக்கா. விட்டது எல்லாத்தையும் இப்பமே அடிச்சுத் தாரேன். ஒரு நிமிசத்து வேலை."

சபியாவின் கை மடிக்குப் போகவில்லை. அட்டை அவளிடம்தான் இருந்தது. தகரக் கூரைக்கு மேல் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் தம்பி. அந்த மேனேஜரு மூடிக் கெடந்ததைப் பார்த்துட்டாரு. இப்ப அடிச்சுக் கொண்டுபோனா அது கள்ளத் துளை. நேர்ச்சைக்குப் போறப்ப அது எதுக்கு? நீங்க பொள்ளாச்சிக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் வாரேன். அண்ணாச்சி எங்கூட வருவாகளா?"

நூஹு ஈர முகத்தோடு திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுச் சபியா வண்டியில் ஏறிக்கொண்டாள். மீதி வழியில் டீக்கடையில் கேட்டதை எல்லாம் அவரிடம் சொன்னாள். அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

மூணாறில் நூஹு எப்போதும் தங்குவது பஜாரில் ஒரு மளிகைக் கடையின் பின்னறை. குளிரில் சபியாவுக்குப் பல் தந்தியடித்தது. மறுநாள் காலையில் இரண்டு பேரும் லயங்களுக்குப் போனார்கள். நூஹு துணியை விரிக்க, பெண்கள் வந்து சூழ்ந்தார்கள். ஒருத்தி ரவிக்கைத் துணியைத் தன் மேல் வைத்துப் பார்த்து, எவ்வளவு வேண்டியிருக்கும் என்று ராவுத்தரைக் கேட்கக் கூச்சப்பட்டுத் தயங்கினாள். சபியா அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் அளவு பார்த்துச் சொன்னாள். அப்புறம் பெண்கள் ராவுத்தரை விட்டுவிட்டு இவளையே சுற்றிக்கொண்டார்கள். இந்த நிறம் எனக்கு எடுக்குமா, வெளுத்தால் சாயம் போகுமா, உள்பாவாடைக்கு எது நல்லது என்று கேள்வி மேல் கேள்வி. நூஹு இத்தனை வருஷத்தில் ஒரே இடத்தில் அவ்வளவு துணி விற்றதில்லை.

மத்தியானம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். வந்த வேகத்தில் நூஹுவின் முன்னால் நின்றாள்.

"ராவுத்தரே, எங்க லயத்துக்கு மட்டும் ஏன் வாரதில்ல? ஆடியிலேருந்து ஒரு துணி எடுக்கணும்னா இந்த ஏத்தம் ஏற வேண்டியிருக்கு. எங்க லயத்துப் பொம்பளைய எல்லாம் என்னையத்தான் ஏசுதாக, உம் புருசனாலதான்னு."

நூஹு திகைத்துப் போனார். "நீ யாரும்மா?"

"புஷ்பமேரி. கண்டக்டரு சவரிமுத்து வீடு."

சண்டை வந்த பிறகு நூஹு அந்த லயத்தின் பக்கமே போகாமல் இருந்தது அப்போதுதான் சபியாவுக்குத் தெரிந்தது. ஒரு மனுஷன் மேல் கோபம் என்று ஒரு லயத்தையே தள்ளி வைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது. துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டாள்.

புஷ்பமேரி குழந்தையைத் துணிக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டுச் சேலை பார்க்க ஆரம்பித்தாள். குழந்தை ஒரு மஞ்சள் பிளானல் துணியின் ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. அவள் பதறி இழுக்கப்போனாள். நூஹு கையமர்த்தினார்.

"இவந்தானா அந்த ஆடியில பெறந்தவன்?"

"ஆமா. அப்பனைப் பாக்காமப் பெறந்த பய."

நூஹு கத்தரிக்கோலை எடுத்தார். அந்தப் பிளானல் துணியில் குழந்தைக்கு இரண்டு சட்டை தைக்கும் அளவுக்கு வெட்டி, மடித்து, அவள் எடுத்த சேலைக்கு மேலே வைத்தார். அதற்கு எவ்வளவு என்று அவள் கேட்டபோது அவர் மூட்டையைத் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தார், காதில் விழாதவர் போல.

புறப்படும்போது சபியாவின் காதருகில் வந்து புஷ்பமேரி கேட்டாள். "அக்கா, அந்த வண்டி வேளாங்கண்ணிக்கும் போகுமாமே? எம் பேருல ஒரு மெழுகுவத்தி ஏத்துவியளா?"

"சீட்டுக் கெடைக்கட்டும். அல்லா நாடுனா ஏத்தறேன்."

திரும்பும் வண்டியில் சவரிமுத்து டிக்கெட்டோடு வந்தபோது நூஹு தானே காசை நீட்டினார். நேராக அவன் முகத்தைப் பார்த்து.

"உடுமலை ரெண்டு."

சவரிமுத்து வாங்கிக்கொண்டான். சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டான்.

"உனக்கு என்னைக்கு லீவு?" என்றார் நூஹு.

"வியாழக்கிழமை அண்ணாச்சி."

"அப்ப வியாழக்கிழமை. சாப்பாடு எங்கூடத்தான்."

அவ்வளவுதான் பேச்சு. அட்டையை எடுத்து நீட்டினார். அன்றைய பயணத்துக்குரிய துளை விழுந்தது.

வியாழக்கிழமை சவரிமுத்து காக்கிச் சட்டையை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தான். பொள்ளாச்சி ஆபீசில் மூன்று பேரும் சுப்பராமனுக்கு முன்னால் நின்றார்கள்.

"இவரை நோக்குத் தெரியுமோ?" என்றார் சுப்பராமன்.

"தெரியும் சார். நூஹு அண்ணாச்சி. கொழிஞ்சாம்பாறை. மாசாமாசம் எங்க வண்டியிலதான் வருவாக. ஜவுளி மூட்டை ஒண்ணு கூரையில இருக்கும். வலப்பக்கம் மூணாவது சீட்டு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஒருக்கா தெரியாதுன்னு சொன்னேன் சார். அது பொய்யி."

சுப்பராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதெல்லாம் இங்கே வேண்டாம்ப்பா. நான் கேட்டது பஸ்ஸைப் பத்தியாக்கும்" என்று சொல்லிவிட்டுத் துளைபோடும் கருவியை எடுத்தார். நூஹு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மடல் சிவந்துபோயிருந்ததை சபியா மட்டும் பார்த்தாள்.

கட்டம் கட்டமாகத் துளை விழுந்துகொண்டே வந்தது. கடைசி வரிசைக்கு வந்ததும் சுப்பராமனின் கை நின்றது.

"ஐப்பசியிலே மண் சரிஞ்சு ரோடு அடைஞ்சு போயிருந்ததே. அந்த மாசம் உங்க வண்டி மறையூரோட திரும்பிடுத்து, இல்லையா?"

சவரிமுத்து நூஹுவைப் பார்த்தான். பொய் சொல்ல அவனால் முடியவில்லை. "ஆமா சார்."

"நான் மறையூர்லிருந்து மூட்டையோட ஜீப்புலயும் நடந்துமா மேல போனேனுங்க" என்றார் நூஹு.

"போயிருப்பேள். ஆனா அது எங்க வண்டி இல்லையே. அந்த மாசத்துக்கு என்னாலே அடிக்க முடியாது, மன்னிக்கணும்." சுப்பராமன் நிஜமாகவே வருத்தத்தோடு அட்டையைத் திருப்பித் தந்தார். கடைசி இரண்டு கட்டங்கள் மூடியிருந்தன.

வெளியே வந்ததும் சவரிமுத்து தன்னால்தான் கெட்டது போல் கையைப் பிசைந்தான். சபியா அட்டையைத் தூக்கி வெயிலில் பார்த்தாள்.

"ரெண்டு கட்டந்தானுங்க? ஒரு தடவை போய் வந்தா ஆச்சு. தை முடிய இன்னும் நாள் இருக்குது."

"துணி எல்லாம் வித்துத் தீர்ந்துருச்சே. இப்பப் போய் எதை விக்கறது?"

"புஷ்பமேரி லயத்துக்கு நீங்க இன்னும் போகவே இல்லையே" என்றாள் சபியா.

நூஹு அவளைப் பார்த்தார். பிறகு மூன்று பேருமாகச் சாப்பிடப் போனார்கள். மறுநாளே பாலக்காட்டில் மொத்தக் கடையில் துணி எடுத்துத் தை மாதத்தின் கடைசி வாரத்தில் அந்தப் பயணமும் போய் வந்தார்கள். போகும்போது ஒரு துளை, வரும்போது ஒரு துளை. இரண்டையும் சவரிமுத்துதான் போட்டான். கடைசித் துளையிலிருந்து விழுந்த ரோஸ் நிறப் பொட்டு சபியாவின் துப்பட்டியில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

மாசியில் யாத்திரை வண்டி கிளம்பியது. ராமேஸ்வரத்தில் மற்றவர்கள் தீர்த்தமாடப் போனபோது ராவுத்தரும் அவளும் கரையில் நின்று கடலைப் பார்த்தார்கள். நாகூரில் இறங்கியபோது சாயங்காலம். தர்கா வாசல் கடையில் பிள்ளை உருவம் பதித்த வெள்ளித் தகடு ஒன்று வாங்கினாள். கூட்டத்தில் முண்டி, சந்தன வாசனைக்கும் ஊதுபத்திப் புகைக்கும் நடுவே அதைச் செலுத்திவிட்டு வெளியே வந்து, பாத்திஹா ஓதிக்கொண்டிருந்த மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நூஹு எதிர்பார்த்தார். அவள் பசிக்கிறது என்றாள். அன்றைக்கு அவள் புரோட்டா தின்ற அளவைப் பற்றி அவர் பிற்பாடு பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் வேளாங்கண்ணியில் புஷ்பமேரியின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினாள். எப்படி ஏற்றுவது என்று தெரியாமல், பக்கத்தில் ஏற்றிய ஒரு பெண்ணைப் பார்த்து அதே மாதிரி செய்தாள்.

ஊர் திரும்பிய பிறகு நூஹு மூட்டை கட்ட உட்கார்ந்த ஒரு காலையில் சபியா தன் துணிமணிகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. ரவிக்கைத் துணிகளை அவள் பக்கமாக நகர்த்தி, "நீயே பாத்து அடுக்கு, எனக்கு அதுல ஒண்ணும் தெரியறதில்லை" என்றார். பஜாரில் கடைக்காரர் பின்னறையில் இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து போட்டார். லயங்களில் பெண்கள் அவளை ஜவுளிக்கார அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நாலைந்து வருஷத்தில் நூஹுவுக்கு முழங்கால் வலி வந்தபோது ஏற்றமுள்ள லயங்களுக்கு அவள் மட்டும் போனாள், புஷ்பமேரி துணைக்கு வருவாள். நூஹு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சவரிமுத்துவோடு டீ குடித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ, வண்டி எடுக்கும் நேரம் வரைக்கும் பேச்சு முடியாது.

கொழிஞ்சாம்பாறையில் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள். ராவுத்தர் வீட்டுப் பெண்பிள்ளை மூட்டையோடு மலையேறுகிறாளே என்று நூஹுவின் காதுபடப் பேசினார்கள். "அவளுக்கு என்னைவிட வியாபாரம் நல்லா வருது, நான் என்ன பண்ணட்டும்?" என்று அவர் சொல்லிவிட்டார்.

யாத்திரை போய் வந்த அடுத்த வருஷம் ஷரீஃபா தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது சபியா வீட்டோடு இருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகளுக்கு நாள் இன்னும் இருக்கிறது என்று மருத்துவச்சியிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டு, அந்த மாதச் சம்பள நாளுக்கும் போய் வந்தாள். திரும்பி வரும்போது பிளானல் துணியில் நாலு குட்டிச் சட்டை தைத்து வாங்கி வந்திருந்தாள். தைத்தது புஷ்பமேரி.